வலது காது மாமன்

போட்ட உத்தரவு தப்பு என்று ஊரே சொன்ன பிறகும் அதைத் திரும்பப் பெறாத பெரிய மனிதர்களைப் பற்றி பேப்பரில் செய்தி வந்தால், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எல்லாரும் அவர்களைப் பிடிபிடி என்று பிடிப்பார்கள். “தப்புன்னு தெரிஞ்சப்பறம் மாத்திக்கிறதுல இன்னாய்யா கஷ்டம்?” என்று மாஸ்டர் முதற்கொண்டு கேட்பார். நான் மட்டும் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பேன். அந்தப் பெரிய மனிதர்கள் மேல் எனக்குப் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் பதினோரு நாள் அதிகாரத்தில் இருந்தவன். அதில் இன்னா கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நான் வகித்த பதவி தாய்மாமன். (சிரிப்பவர்கள் எங்கள் பக்கத்துக் காதுகுத்து ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.) பிள்ளைக்கு மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் நகை செய்யும் பத்தர் காது குத்துவார். கம்மல் அவன் கொண்டு வர வேண்டும். புதுத் துணி, பழம், தேங்காய், வெல்லம், இனிப்பு என்று தட்டுத் தட்டாகச் சீர் அவன் கொண்டு வர வேண்டும். அவன் வரும் வரைக்கும் மேளக்காரர்கூட உறுமியில் கை வைக்க மாட்டார். மற்ற நாளில் வீட்டில் ஒரு குழம்புக்குக்கூட அபிப்பிராயம் கேட்கப்படாதவன், அந்த ஒரு நாள் ராஜா.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மூன்று பேப்பர் அரியர். வடக்கனந்தலில் அப்பாவுக்கு இருந்த மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கும் நாளில் ஆட்களை வேலை வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பேன். இதுதான் என் உத்தியோகம். என் அக்கா தமிழரசியைச் சின்னசேலத்தில் கொடுத்திருந்தோம். அக்கா மகள் கயல்விழிக்கு மூன்று வயதாகியிருந்தது. அவளுக்குக் காது குத்த நாள் குறித்துவிட்டு மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வெற்றிலை பாக்கோடு வந்து எங்களை அழைத்தார். இடம் அவர்களுடைய குலதெய்வக் கோயில். அது கல்வராயன் மலை மேலே, ஏற்றம் முடிந்து வெள்ளிமலைக்குப் போகிற வழியில், ரோட்டோரமாகவே இருக்கிறது. அவர் போன பிறகு அப்பா என்னைப் பார்த்து, “மாமன் நீ. அல்லாத்தையும் நீயே பாத்துக்க” என்றார். இருபத்தைந்து வருடத்தில் என்னை நம்பி அவர் ஒப்படைத்த முதல் காரியம் அது. அந்த நிமிடமே நான் கெட்டுப்போனேன்.

அதற்கு முந்தைய வருடம் அக்காவின் ஓரகத்தி மகளுக்குக் காது குத்தினார்கள். (ஓரகத்தி என்றால் மாமாவின் அண்ணன் மனைவி.) அந்தப் பிள்ளையின் தாய்மாமன் சின்னசேலம் கடைத்தெருவில் குதிரை மேல் வந்து இறங்கினான். அந்தக் குதிரையைப் பற்றி அக்கா வீட்டில் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒருநாள் போனில், “நம்மள்ளாம் சும்மா வேன்ல வந்து எறங்கினா போதும்டா” என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது “குதிரையைவிடப் பெரிசா ஒண்ணு கொண்டா” என்று கேட்டது.

மறுநாள் காலையில் வீட்டில் அறிவித்தேன். சீர் மாட்டு வண்டியில் போகும். ஐம்பத்தொரு தட்டும் வண்டியில். வண்டி முன்னால் தாய்மாமன். வடக்கனந்தலில் கிளம்பி, கோமுகி அணை வழியாக, மலைப்பாதை ஏறி, கோயில் வாசல் வரைக்கும்.

என் பெரியப்பா மகன் செல்வராஜ் அப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைவிட நாற்பது நாள் மூத்தவன். நாற்பது நாளுக்காக அவனை அண்ணன் என்று கூப்பிடச் சொல்லி அம்மா சின்ன வயதிலிருந்து தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். நான் கூப்பிட்டதே இல்லை. அவன் வாராவாரம் மலைக்குப் போய்ச் சாமையும் தினையும் வாங்கி வந்து சின்னசேலத்தில் விற்பவன். அந்த ரோட்டில் எந்தத் திருப்பத்தில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

“டேய், அந்த ரோட்ல வாரா வாரம் போய்க்கினு வரேன். பஸ்ஸே மூச்சு வாங்கிக்கினுதான் ஏறுது. ஐம்பத்தோரு தட்ட வச்சிக்கினு மாடு எங்கேருந்து ஏறும்? சீர வேன்ல ஏத்திடு. கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாடி எறக்கிக்கலாம். அங்கேருந்து மோளத்தோட நடந்து போனா அதே கெத்துதான்” என்றான்.

இப்போது யோசித்தால் இதைவிடத் தெளிவான ஆலோசனை யாருக்கும் கிடைத்திருக்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“தாய்மாமன் நீயா நானா?”

முறைப்படி பார்த்தால் அவனும் கயலுக்கு மாமன்தான். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அம்மா மட்டும், “அவன் சொல்றதும் சரியாத்தானடா இருக்குது” என்றாள். “நீ சும்மா இரும்மா” என்றேன். அதிகாரம் வந்தால் முதல் மூன்று நாளைக்கு அந்த வாக்கியம்தான் அதிகம் தேவைப்படுகிறது.

அன்றைக்கே கள்ளக்குறிச்சிக்குப் போய் ப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் கெட்டிக்காரர். எங்கிருந்தோ இரண்டு வெள்ளைக் காளைகளைக் கம்ப்யூட்டரில் பிடித்து வந்து, ஒரு தேரைப் போன்ற வண்டியில் பூட்டி, யாரோ ஒரு கட்டுமஸ்தான ஆளின் கழுத்துக்கு மேல் என் தலையை ஒட்டினார். கையில் சாட்டை. கீழே “சீர் சுமந்து வருகிறார் சிங்கத் தாய்மாமன்” என்று தீ பிடித்த எழுத்தில். அதைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். (அந்த உடம்பு என்னுடையது இல்லை என்பது வழியிலேயே மறந்துபோயிருந்தது.) மூன்று நாள் முன்னதாகவே அந்த ப்ளெக்ஸ் மலைக்குப் போய்க் கோயில் வாசலில் ஏறிவிட்டது.

வண்டிக்கு எங்கள் தெரு மாணிக்கத்தைப் பேசினேன். அவருடைய டயர் வண்டியும் இரண்டு மாடுகளும் ஊருக்குள் எருவும் மணலும் ஏற்றுபவை. ஒன்று சிவப்பு, இன்னொன்று சாம்பல். இரண்டும் ப்ளெக்ஸில் இருந்த காளைகளுக்குத் தூரத்துச் சொந்தமாகக்கூட இருக்க முடியாது.

“மலை ஏறும்ல?” என்று கேட்டேன்.

“ஏறும்ங்க” என்றார்.

“அம்பத்தோரு தட்டு வச்சா?”

“வச்சா இன்னாங்க, ஏறும்.”

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். அன்றிலிருந்து செல்வராஜைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பினேன். மாணிக்கத்தைப் பார்த்தால் நின்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை அக்காவிடம்கூட ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன். காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால், மனசு கேட்காமல், பைக்கை எடுத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் மலைப்பாதையைப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். ஒரு பஸ் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மாடு ஏறாது. சந்தேகமே இல்லை. அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்தேன்.

மாற்றிவிடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. வேனுக்குச் சொல்ல ஒரு போன் போதும். ஆனால் போன் போட்ட பிறகு வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் அம்மா இருப்பாள். தெருவில் செல்வராஜ் இருப்பான். முடிவை மாற்றுவது என்றால் எங்கோ காற்றில் மாற்றுவது இல்லை. ஒரு குறிப்பிட்ட முகத்துக்கு முன்னால் போய் நின்று மாற்ற வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து நாம் என்ன பேசினோம் என்பது நமக்கு ஞாபகம் இருக்கும். அவனுக்கு அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். மலையில் மாடு ஏறுவதைவிட அது கஷ்டமாகத் தெரிந்தது. கல்லை விட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து, “ரோடு இப்ப நல்லா போட்டுக்கிறான்” என்றேன். பொய்கூட இல்லை. ரோடு நன்றாகத்தான் இருந்தது.

காதுகுத்து அன்று ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பினோம். நல்ல நேரம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. நான் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தலைப்பாகை, கழுத்தில் சம்பங்கி மாலை. சட்டைப் பையில் சின்ன டப்பாவில் கயலின் கம்மல் ஜோடி. வண்டியில் ஐம்பத்தொரு தட்டு, மேலே கலர் பேப்பர், மாடுகளின் கொம்பில் பலூன். உண்மையைச் சொன்னால் அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தைப் போல என் வாழ்க்கையில் இன்னொரு ஒன்றரை மணி நேரம் வரவில்லை. கரும்புக்கு நடுவே அந்த ரோடு, பனி விலகாத காலை, மணி குலுங்கும் சத்தம். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அணைக்கட்டுப் பக்கம் டீ குடித்தபோது ஒரு பெரியவர், “இந்தக் காலத்துலயும் இப்பிடி ஒரு மாமனா” என்றார். இன்றைக்கும் அந்த ரோட்டில் போனால் அந்த இடத்தில் என் பைக் தானாக மெதுவாகிறது.

அதற்குப் பிறகு ரோடு மேலே பார்த்தது.

முதல் வளைவிலேயே பாரம் எல்லாம் பின்னால் சரிந்தது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, நுகத்தடி மாடுகளின் கழுத்தை விட்டு எழும்பியது. மாணிக்கம் குதித்து ஏர்க்காலைப் பிடித்துத் தொங்கினார். ஒரு தேங்காய்த் தட்டு கவிழ்ந்து, ஏழெட்டுத் தேங்காய் நாங்கள் வந்த வழியே கோமுகி அணையைப் பார்த்து உருண்டு போயின. தட்டுகளை முன்னால் நகர்த்திக் கயிற்றால் கட்டினோம். பிறகு ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டோம். மாடுகள் இருபது அடி இழுக்கும். உடனே வண்டி பின்னால் போகாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கீழே கல் வைக்க வேண்டும். அவை மூச்சு வாங்கிய பிறகு மறுபடி இருபது அடி. மாணிக்கம் மாட்டைப் பிடித்துக்கொண்டதால் கல் என் பொறுப்பு. சீர் சுமந்து வருகிறார் என்று ப்ளெக்ஸில் இருந்தது. நான் சுமந்து வந்தது கல். தலைப்பாகையும் மாலையுமாக, கட்டிப் பிடித்த கல்லோடு, வண்டிக்குப் பின்னால்.

இரண்டாவது வளைவில் ஒரு குட்டியானை வந்து நின்றது. (சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.) காலி வண்டி. டிரைவர் தலையை நீட்டினார்.

“இன்னாண்ணா, சீரா? மேல காலியாத்தான் போறேன். ஏத்திக்கினு போய் எறக்கட்டுமா?”

கடவுள் எனக்காக அனுப்பிய வண்டி அது. மாணிக்கம் என்னைப் பார்த்தார். மாடுகளும் பார்த்த மாதிரி இருந்தது.

“வாணாம்பா, மாடு ஏறிடும்” என்றேன்.

மூன்றாவது வளைவில் எங்கள் சொந்தக்காரர்கள் வந்த வேன் எங்களைத் தாண்டியது. நான் சட்டென்று கல்லை ஓரமாகப் போட்டுவிட்டு, மாணிக்கத்தின் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கி, ப்ளெக்ஸில் நின்ற மாதிரியே நின்றேன். வேனில் விசில் பறந்தது. அம்மா மட்டும் ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்த்துக்கொண்டே போனாள். வேன் மறைந்த பிறகு பார்த்தால், கல் இல்லாத வண்டி பத்தடி பின்னால் போயிருந்தது.

நான்காவது வளைவில் மணி ஒன்பதேமுக்கால். சாம்பல் மாட்டுக்கு வாயெல்லாம் நுரை. போனில் சிக்னல் இல்லை. அப்போது மேலேயிருந்து ஒரு பைக் இறங்கி வந்தது. செல்வராஜ்.

அவன் மாட்டைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், என் தலைப்பாகையைப் பார்த்தான். சொல்லிக்காட்ட அவனுக்கு எவ்வளவோ இருந்தது.

“பின்னாடி ஏறு. பத்து நிமிசத்துல கோயில்ல எறக்கிடறேன். பாப்பாவுக்கு மொட்ட அடிச்சாச்சு. பத்தர் ஊசிய வச்சிக்கினு உக்காந்துகினுகீறாரு. பத்தரைக்கு மேல குத்த மாட்டேன்றாரு. அக்கா மொகத்தப் பாக்க முடியல. வண்டிய அப்பறம் பாத்துக்கலாம், ஏறு.”

அன்று எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கயல் என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டும். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் தூக்கியவன் நான். என்னைக் கண்டால் அவள் அம்மாவிடமிருந்துகூடத் தாவி வருவாள். அந்த மடிக்கும் எனக்கும் நடுவில் பத்து நிமிட பைக் சவாரிதான் இருந்தது.

ஆனால் அந்த பைக்கை ஓட்டப்போவது செல்வராஜ். அந்த ப்ளெக்ஸுக்குக் கீழே, ஓரகத்தியின் சொந்தம் மொத்தமும் பார்க்க, வண்டியில்லாமல், மாடில்லாமல், அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நான் போய் இறங்க வேண்டும். அந்தக் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்ததும் என் வாய் தானாக ஒரு காரியம் செய்தது. முழுத் தப்பையும் ஒத்துக்கொள்ள முடியாதவர்கள் செய்யும் காரியம்.

டப்பாவைத் திறந்து ஒரே ஒரு கம்மலை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

“நீ இத எடுத்துக்கினு போ. ஒரு காது குத்திக்கினு இருக்கட்டும். அடுத்த காதுக்குள்ள நான் வண்டியோட வந்துடறேன்.”

அவன் அந்தக் கம்மலையே பார்த்தான். “நெஜமாத்தான் சொல்றியா?”

“ம்.”

“பாப்பாவ யார் மடியில வச்சிக்கிறது?”

நான் டப்பாவை மூடிப் பையில் போட்டேன். அவனைத் தவிர வேறு யார்? அவன் கம்மலைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனும் போட்டுக்கொண்டு, பைக்கைத் திருப்பினான்.

அவன் போன கையோடு சிவப்பு மாடு ரோட்டில் படுத்துவிட்டது. அதைப் பார்த்து சாம்பலும் படுத்தது. மாணிக்கம் பூட்டை அவிழ்த்துவிட்டார். “இனிமே ஏறாதுங்க” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் மறுப்பு.

“இப்ப சொல்றீங்களே, இது எப்பலேருந்து தெரியும்?”

“அன்னிக்கே தெரியும்ங்க.”

“அப்ப ஏன்யா ஏறும்னு சொன்னீங்க?”

அவர் துண்டால் மாட்டின் வாயைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். “வாணாம்னு சொன்னவர இன்னா பண்ணீங்கன்னு தெருவே பாத்துச்சேங்க.”

அந்த மலையில் எனக்கு அதற்கு மேல் உறைக்க ஒன்றும் பாக்கியில்லை. மாடுகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாம்பலின் கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். நுகத்தடி பட்ட இடம் தடித்திருந்தது. என் வீம்புக்கு வாயில்லாத ஜீவன் வலியை வாங்கியிருக்கிறது என்று நினைத்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது. நான் அழுத நேரத்தில் குரங்குகள் இறங்கி வந்து மூன்று வாழைப்பழத் தட்டையும் ஒரு ஆப்பிள் தட்டையும் காலி செய்தன. (துரத்தினேன். ஒரு கிழட்டுக் குரங்கு என் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.)

கடைசியில் வெள்ளிமலை பஸ் வந்தது. கை காட்டினேன். ஒரு கையில் துணித் தட்டு, இன்னொரு கையில் வெல்லத் தட்டு, கழுத்தில் பாதி உதிர்ந்த மாலை. சந்தை மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மாப்ளயா?”

“மாமன்.”

“தனியாவா?”

தலையாட்டினேன். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. தட்டு சரியாமல் இருக்க ஒரு அம்மா எழுந்து எனக்குச் சீட்டு கொடுத்தார்கள்.

பஸ் சரியாக ப்ளெக்ஸுக்குக் கீழே நின்றது. எனக்காகத்தான் நிறுத்தினார் டிரைவர், அந்த ப்ளெக்ஸில் என் தலையை அடையாளம் கண்டுகொண்டு. மேலே வெள்ளைக் காளைகளோடு சிங்கத் தாய்மாமன். கீழே பின்படி வழியாகத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான். மேளக்காரர் கடமை தவறாதவர், மாமனைக் கண்டதும் அடித்து விளாசத் தொடங்கினார். அந்த மேளத்துக்குப் பதில் கல் அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. ஓரகத்தி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனாள். குதிரை மாமன் முன்வரிசையில் நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அதில் கிண்டல்கூட இல்லை. இரக்கம்தான் இருந்தது, அது இன்னும் மோசம்.

உள்ளே செல்வராஜ் மடியில் கயல். மொட்டைத் தலையில் சந்தனம். இடது காதில் கம்மல். அழுது முடித்து, கண்ணில் நீரோடு, அவன் சட்டைப் பட்டனை நோண்டிக்கொண்டு சமாதானமாக உட்கார்ந்திருந்தாள். மணி பத்து இருபத்தெட்டு. அக்கா என் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக் கீழே வைத்தாள். “அடுத்தது எங்கப்பா?” என்றார் பத்தர். நான் டப்பாவை நீட்டினேன்.

செல்வராஜ் எழுந்து, “வா, உக்காரு” என்று இடத்தை விட்டுக் கொடுத்தான். நான் உட்கார்ந்து கையை நீட்டினேன். வியர்வையும் புழுதியும் குங்குமமும் வழிந்த என் முகத்தைப் பார்த்து, என்னிடம் தாவி வரும் அந்தப் பிள்ளை வீரிட்டது. “வாணாம், செல்வா மாமா, வாணாம்” என்று அவன் பக்கம் கையை நீட்டித் துள்ளியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்கா கால்களைப் பிடிக்க, நான் தலையைப் பிடிக்க, பத்தர் ஊசியைக் கொண்டு வரும்போது கயல் என் கட்டைவிரலைக் கடித்தாள். நான் அலறினேன். ஊசி இறங்கியது. இடது காதில் இருக்க வேண்டிய இடத்தில் அழகாக இருந்த ஓட்டை, வலது காதில் ஒரு நெல் அளவுக்கு மேலே ஏறிவிட்டது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது செல்வராஜைக் காணோம். அதே குட்டியானைக்காரரைப் பிடித்துக்கொண்டு கீழே போயிருக்கிறான். மிச்சமிருந்த தட்டுகளை ஏற்றி, மாணிக்கத்துக்குச் சாப்பாடு கொடுத்து, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, வண்டியைப் பத்திரமாக இறக்கிவிட ஆள் பிடித்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் பசியோடு வந்து சேர்ந்தான். நான் போய் அவன் இலைக்கு எதிரில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். “ரசம் ஊத்தட்டுமா?” என்றுதான் கேட்க முடிந்தது.

இது நடந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. மாணிக்கம் அதன் பிறகு மாட்டை விற்றுவிட்டு மகனோடு சேலத்துக்குப் போய்விட்டார். கயலுக்கு அந்தக் காது அப்படியே நின்றுவிட்டது. எந்தக் கம்மல் போட்டாலும் வலது பக்கம் கொஞ்சம் மேலே நிற்கும். சின்ன வயதில் யார் கேட்டாலும், “இது எடது காது மாமா, இது வலது காது மாமா” என்று எங்கள் இருவரையும் காட்டி அறிமுகப்படுத்துவாள். கூடவே குடும்பத்தில் ஒரு பழக்கமும் வந்துவிட்டது. யாராவது தப்பான முடிவெடுத்துவிட்டு அதிலேயே பிடிவாதமாக நின்றால், யாரும் வாதம் செய்வதில்லை. பேசாமல் தங்கள் வலது காதைத் தொட்டுக் காட்டுவார்கள். கோழிக் குழம்பு விஷயத்தில் அக்கா மாமாவுக்குக் காட்டியிருக்கிறாள். அப்பாகூட ஒருமுறை டிவி செய்தியைப் பார்த்து, அதில் பேசிக்கொண்டிருந்தவருக்குக் காட்டினார்.

இரண்டு மாதம் முன்பு கயலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நானாகவே அவளிடம், “நல்ல பத்தரா பாத்து அந்தக் காத சரி பண்ணிடலாம்மா” என்றேன்.

“இருக்கட்டும் மாமா. அத சரி பண்ணிட்டா அப்பறம் உங்களுக்கு யார் ஞாபகப்படுத்தறது?” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். பேச்சு மாமன் சீரில் வந்து நின்றது. எப்படிக் கொண்டு போவது என்று அம்மா கேட்டாள். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. எதிரில் உட்கார்ந்திருந்த கயலின் கை மெதுவாக வலது காதுக்குப் போனது. நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

செல்வராஜ் கதவோரமாக டீ குடித்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கும் என்னைப் போலவே தலை நரைத்துவிட்டது.

“அண்ணா, நீ சொல்லு. சீர எதுல எடுத்துக்கினு போலாம்?” என்றேன்.

அவன் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். “யார கூப்ட்ட?”

“உன்னத்தான். அன்னிக்கு நீ சொன்னது சரி. நான்தான் கேக்கல.”

“எது? நான் நெறைய சொன்னேனே.”

“மாடு ஏறாதுன்னு.”

“ம். அப்பறம்?”

“வேன்ல ஏத்துன்னு.”

“அப்பறம்?”

“பைக்ல ஏறுன்னு.” எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஏறியிருக்கணும்ணா. உன் வண்டியில ஏற எனக்கு வெக்கம். பாப்பாவ விட அது பெரிசா தெரிஞ்சிடுச்சு.”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். விரல் விட்டு எதையோ கணக்குப் போட்டுப் பார்த்தான். பதினெட்டு வருடம் அவன் காத்திருந்தான், இன்னும் கொஞ்சம் காத்திருக்க எனக்கும் பொறுமை இருந்தது.

“மண்டபம் கள்ளக்குறிச்சியிலதானே? ஏத்தமே கெடையாது, ரோடு அல்லாம் சமமா கீது” என்றான். “மாட்டு வண்டியிலயே போலாம்டா.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கயலின் கை காதிலிருந்து இறங்கியது. “ஆனா ப்ளெக்ஸ் மட்டும் வாணாம் மாமா” என்றாள்.

“சேச்சே, யாராச்சும் வைப்பாங்களா” என்றேன். அன்று சாயங்காலமே பைக்கை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய், முந்தின நாள் கொடுத்துவிட்டு வந்திருந்த என் போட்டோவை ப்ளெக்ஸ் கடையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.